கேத்லேப் வேலைக்கு உடற்கூறியல் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? திரையில்தான் எல்லாம் தெரிகிறதே!

#1 புது_டெக்னீஷியன்

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகள் எக்ஸ்ரே அறையிலும் சி.டி. அறையிலும் வேலை பார்த்தவன். இரண்டு மாதங்களாகக் கேத்லேப்பில், அதாவது ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு எக்ஸ்ரே திரையில் இதயத்தைப் பார்க்கும் அறையில், இருக்கிறேன். இயந்திரம் எனக்குப் புதிதல்ல. மருத்துவர் கேட்கும் கேள்விகள்தான் வயிற்றைக் கலக்குகின்றன.

போன வாரம் ஓர் ஆஞ்சியோ. "இடது இதயத் தமனி இரண்டாகப் பிரிகிற இடம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது, பிரித்துக் காட்டுங்கள்" என்றார். எந்தப் பக்கம் சுழற்றினால் பிரியும் என்று எனக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாகச் சுழற்றினேன். மூன்றாவது முறை அவரே கோணத்தைச் சொல்லிவிட்டார். அதற்குள் நோயாளியின் உடம்பில் இரண்டு முறை கூடுதலாகக் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைத் திரையில் காட்டும் மருந்து) ஏறிவிட்டது. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமான மனிதர் அவர். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

டிப்ளமோவில் முதலாண்டு படித்த உடற்கூறியல் எலும்புகளின் பெயர்களோடு நின்றுவிட்டது. சக ஊழியர் ஒருவர், "திரையில்தான் எல்லாம் தெரிகிறதே, அதற்குமேல் என்ன வேண்டும்?" என்கிறார். அவர் சொல்வது சரியா? சரியில்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

#2 தூக்கமருந்துக்காரன்

உங்கள் சக ஊழியர் சொல்வதில் பாதி சரி. நான் மயக்க மருந்து மருத்துவன். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் கழுத்துச் சிரையில் குழாய் போட, கழுத்துத் தசையின் இரண்டு பிரிவுகளுக்கு இடையிலுள்ள முக்கோணத்தைத் தேடி, இடது கை விரலால் கழுத்துத் தமனியின் துடிப்பைத் தொட்டுக்கொண்டு, ஊசியை மார்புக்காம்பின் திசையில் செலுத்தச் சொன்னார்கள். எத்தனை கணக்கு! இன்று அல்ட்ராசவுண்ட் முனையைக் கழுத்தில் வைத்தால் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிகின்றன. அமுக்கினால் நசுங்குவது சிரை, துடிப்பது தமனி. முடிந்தது கதை. இதற்கு எதற்கு ஐந்நூறு பக்கப் புத்தகம்?

#3 வார்டு_அக்கா

தம்பி, டாக்டர் ஐயா சொல்வதைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். நான் பத்தொன்பது ஆண்டுகளாக நர்ஸ். ஆஞ்சியோ முடிந்து வார்டுக்கு வருபவர்களின் தொடைத் தமனியில் செருகியிருக்கும் ஷீத் என்ற குழாயை எடுத்துவிட்டு அமுக்கிப் பிடிப்பது என் வேலை. அந்த இடத்தில் திரையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. என் மூன்று விரல்கள்தான்.

புதிதாக வரும் பெண்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். தோலில் துளை எங்கே இருக்கிறதோ அதன்மேல் பஞ்சை வைத்து அமுக்குவார்கள். பஞ்சு காய்ந்திருக்கும், பக்கத்தில் வீக்கம் மட்டும் கோழிமுட்டை அளவுக்கு எழும்பும். ஏன்? ஊசி நேராக இறங்குவதில்லை. சாய்வாக, தலைப்பக்கம் நோக்கிப் போகிறது. எனவே தமனியில் விழுந்த துளை, தோலில் தெரியும் துளைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்கும். அமுக்க வேண்டிய இடம் அதுதான். இதைக் கையில் பிடித்துக் காட்டினால் அரை நிமிடத்தில் புரியும். புரியாதவரை நோயாளியின் தொடை நீலமாகும்.

அடுத்தது, எதன்மேல் வைத்து அமுக்குகிறோம் என்பது. தொடைத் தமனிக்கு நேர் பின்னால் தொடையெலும்பின் தலை, உருண்டையாக, கல்போல இருக்கிறது. தமனியை அதன்மேல் வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும். குத்திய இடம் அதற்குக் கீழே போய்விட்டால் பின்னால் இருப்பது வெறும் சதை. மெத்தையில் வைத்து நசுக்குவது போலத்தான். தமனியின் துளை மூடாமல் வெளியே ரத்தப்பை உண்டாகும் போலிக் குமிழ்வீக்கம் வருவது பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

மேலே போய்விட்டால் இன்னும் மோசம். தொடையிடுக்குத் தசைநாருக்கு மேலே குத்தினால் ரத்தம் வெளியே வராது, வயிற்றறைக்குப் பின்னால் இறங்கும். ஒரு தடவை ஓர் அம்மா, "முதுகு வலிக்கிறது, முதுகு வலிக்கிறது" என்றார். மல்லாந்து அசையாமல் ஆறு மணி நேரம் படுத்திருப்பவர் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார். தொடையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் நாடி தொண்ணூறிலிருந்து நூற்றுப்பதினைந்துக்கு ஏறியிருந்தது, வலி ஒரு பக்கம் மட்டும் இருந்தது. மருத்துவரை எழுப்பினேன். சி.டி.யில் பார்த்தால் உள்ளே ரத்தக்கட்டு. அம்மா பிழைத்தார். அந்த இடத்தின் அமைப்பு எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் முதுகுவலிக்கு ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

#4 புது_டெக்னீஷியன்

அக்கா, நன்றி. ஒரு சந்தேகம். தொடையிடுக்கில் தோல் மடிப்பு இருக்கிறதே, அதை வைத்துத்தானே குத்தும் இடத்தைக் கணிக்கிறார்கள்?

#5 வார்டு_அக்கா

மடிப்பை நம்பாதீர்கள். வயிறு பெருத்தவர்களுக்கு அது சதையோடு சேர்ந்து கீழே தொங்கிவிடும். அதைப் பார்த்துக் குத்தினால் கீழேதான் போகும். குத்துவதற்கு முன் ஃப்ளூரோவில் (ஓடும் எக்ஸ்ரே படத்தில்) தொடையெலும்பின் தலையை ஒரு முறை காட்டுங்கள். அது உங்கள் கையில் இருக்கும் வேலை. ஒரு நொடி பெடலை மிதித்தால் போதும்.

#6 ஃபார்மலின்_வாத்தியார்

முப்பத்திரண்டு ஆண்டுகள் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தம்பி கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கோணம் பற்றிய கேள்வி அது.

இதயத் தமனிகளைப் பெயர்ப்பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சப்போட்டாப் பழத்தையும் இரண்டு ரப்பர் வளையங்களையும் எடுங்கள். ஒரு வளையத்தைப் பழத்தின் காம்புக்குச் சற்றுக் கீழே வட்டமாகப் போடுங்கள். அதுதான் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே ஓடும் பள்ளம். அதன் வலப்பாதி வலது இதயத் தமனி, இடப்பாதி சர்கம்ஃப்ளெக்ஸ் என்ற இடது தமனியின் கிளை. இன்னொரு வளையத்தை முதல் வளையத்துக்குக் குறுக்கே, பழத்தின் நுனியைச் சுற்றிப் போடுங்கள். அது இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரின் விளிம்பு. அதன் முன்பாதி எல்.ஏ.டி. என்ற இடது தமனியின் இன்னொரு கிளை, பின்பாதி பின்னிறங்கு தமனி. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு அந்தப் பின்பாதி வலது தமனியிலிருந்து வருகிறது.

இப்போது பழத்தின் நுனியை இடப்பக்கமும் முன்பக்கமும் கீழ்நோக்கியும் சாய்த்துப் பிடியுங்கள். நெஞ்சுக்குள் இதயம் இருப்பது அப்படித்தான். நேர் முன்னாலிருந்து பார்த்தால் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். கம்பை முனைப்பக்கமிருந்து பார்த்தால் அது புள்ளியாகத் தெரிவது போல, உங்களை நோக்கி வரும் தமனி குட்டையாகத் தெரியும். அந்தக் குட்டைக்குள் தொண்ணூறு சதவீத அடைப்புகூட ஒளிந்துகொள்ளும். உங்கள் மருத்துவர் கேட்ட பிரிவை விரித்துக் காட்ட, இடது இடுப்புப் பக்கமிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். இதைத்தான் எல்.ஏ.ஓ. (இடது முன்சாய்வு) காடல் (கால்பக்கம்) என்கிறார்கள். கிளைகள் எட்டுக்கால் பூச்சியின் கால்கள் போல விரியும். அதனால்தான் அதற்குச் சிலந்திக் கோணம் என்று பெயர்.

இன்னொன்று: திரையில் முதுகெலும்பு வலப்பக்கம் தெரிந்தால் நீங்கள் (அதாவது உங்கள் இயந்திரம்) நோயாளியின் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள், இடப்பக்கம் தெரிந்தால் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். ஏன் என்று நான் சொல்லமாட்டேன். ஜன்னலருகே நின்று, அருகே ஒரு கம்பியும் தூரத்தில் ஒரு தென்னை மரமும் வைத்துக்கொண்டு தலையை நகர்த்திப் பாருங்கள்.

"திரையில் தெரிகிறதே" என்பவருக்கு ஒரு பழைய கதை. 1929இல், ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தன் இடது முழங்கையின் முன்புறச் சிரையைத் திறந்து, சிறுநீர்க்குழாய்க்கான மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை 65 சென்டிமீட்டர் உள்ளே செலுத்தினார். பிறகு நடந்து எக்ஸ்ரே அறைக்குப் போனார். படத்தில் குழாயின் முனை வலது மேலறையில் இருந்தது. அவர் முதலில் படத்தைப் பார்த்துவிட்டுக் குழாயைப் போடவில்லை. முழங்கைச் சிரை அக்குளுக்குப் போகும், அங்கிருந்து காறை எலும்புக்கு அடியில், அங்கிருந்து மேற்பெருஞ்சிரை, அங்கிருந்து இதயம் என்ற பாதை அவருடைய தலைக்குள் இருந்தது. படம் அதைப் பின்னால் உறுதிப்படுத்தியது, அவ்வளவே. 1956இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ஒரு சிறு நகரத்தில் சிறுநீர்ப்பாதை மருத்துவராக (யூராலஜிஸ்ட்) இருந்தார்.

#7 தூக்கமருந்துக்காரன்

வாத்தியார் ஐயா, 1929இல் வேறு வழி இல்லை. 1953இல் செல்டிங்கர் என்ற ஸ்வீடன் மருத்துவர், ஊசியால் குத்தி, அதன் வழியே கம்பியை விட்டு, கம்பியின்மேல் குழாயை ஏற்றும் வரிசையைக் கண்டுபிடித்தபோதும் தடவிப் பார்த்துத்தான் குத்தினார்கள். மாட்டுவண்டி ஓட்டத் தெரிந்தால்தான் கார் ஓட்டலாம் என்பது போல இருக்கிறது நீங்கள் சொல்வது.

#8 இரவுப்பணி_மாணவன்

கதிரியல் முதுகலை இரண்டாமாண்டு. ஐயா மன்னிக்கவும், கார் ஓட்டுபவருக்கும் முன்னால் வருவது வளைவா பள்ளமா என்று தெரிய வேண்டும்.

திரையில் தெரிவது ரத்தக்குழாய் அல்ல, ரத்தக்குழாய்க்குள் நிறைந்த கான்ட்ராஸ்ட். கான்ட்ராஸ்ட் போகாத கிளை திரையில் இல்லவே இல்லை. ஆனால் உடம்பில் இருக்கிறது.

எங்கள் துறையில் மாதத்துக்குச் சிலர் ரத்தம் கக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் பழைய காசநோய். நுரையீரலில் புண் ஆறிய இடத்தில் மூச்சுக்குழாய்த் தமனிகள் தடித்துப் புழுப்போல் சுருண்டு, ஒரு நாள் வெடிக்கும். தொடை வழியாகப் போய், மார்பு முதுகெலும்பில் ஐந்தாவது ஆறாவது முள்ளெலும்பு உயரத்தில் பெருந்தமனியிலிருந்து கிளம்பும் அந்தச் சிறு தமனியைக் கண்டுபிடித்து, துகள்களைச் செலுத்தி அடைக்கிறோம். திரையில் அடையாளம் எளிது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் தெரியும், அதன் அருகே தேட வேண்டும்.

அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. வலப்பக்கத் தமனி பெரும்பாலும் விலா இடைத் தமனியோடு சேர்ந்து ஒரே தண்டாக வரும். அந்த விலா இடைத் தமனியிலிருந்து சில பேருக்குத் தண்டுவடத்துக்கு ஒரு கிளை போகும். மயிரிழை தடிமன். மேலே ஏறி, கொண்டை ஊசி போலச் சட்டென்று வளைந்து, தண்டுவடத்தின் முன்பக்கம் நடுக்கோட்டில் கீழே இறங்கும். அந்தக் கொண்டை ஊசியைப் பார்க்காமல் துகளைச் செலுத்தினால், இருமலோடு வந்தவர் இரண்டு கால்களும் விளங்காமல் திரும்புவார்.

முதல் தடவை என் பேராசிரியர் படத்தை நிறுத்தி, "எங்கே பார்க்கிறாய்?" என்றார். ரத்தம் கசியும் இடத்தைக் காட்டினேன். "அதை எல்லோரும்தான் பார்ப்பார்கள். நடுக்கோட்டைப் பார்" என்றார். அங்கே எதுவும் இல்லை. இல்லை என்பதைப் பார்ப்பதற்குத்தான் அன்று நாலு நிமிடம் நின்றோம்.

#9 தூக்கமருந்துக்காரன்

சரி, தம்பி நன்றாகவே குத்திவிட்டார். என் பக்கத்திலிருந்தும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், கழுத்து விஷயத்திலேயே.

அல்ட்ராசவுண்டில் குறுக்குவெட்டாகப் பார்க்கும்போது ஊசி ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி ஊசியின் முனையாகவும் இருக்கலாம், தண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளிக்குப் புள்ளி சிரைக்குள் அழகாக நடுவில் நின்றது. ரத்தமும் வந்தது. ஆனால் பளிச்சென்ற சிவப்பு. முனை எப்போதோ சிரையின் பின்சுவரைத் தாண்டிக் கழுத்துத் தமனிக்குள் போயிருந்தது. நல்ல வேளை, வெறும் ஊசியோடு நின்றேன், பெரிய குழாயை ஏற்றவில்லை. எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் அமுக்கினேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. வசதியாக இருக்கட்டும் என்று அவருடைய தலையை எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்பி வைத்திருந்தேன். அப்படித் திருப்பினால் தமனிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டிய சிரை, தமனியின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். சிரையைத் துளைத்து வெளியே போகும் ஊசி நேராகத் தமனியில்தான் போய் நிற்கும். லேசாகத் திருப்பினாலே போதும். இதைத் திரை எனக்குக் காட்டியது. நான்தான் பொருள் தெரிந்து பார்க்கவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், ஸ்கேன் இல்லாமல் கழுத்தில் குத்தாதீர்கள். அதில் நான் அசைய மாட்டேன்.

#10 வார்டு_அக்கா

அதில் யாரும் உங்களோடு சண்டைக்கு வரவில்லை ஐயா.

#11 திங்கள்_புதன்_வெள்ளி

நான் மருத்துவத் துறை அல்ல. என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், டயாலிசிஸ் நோயாளி. ஆறாவது ஆண்டு. நோயாளிக்கும் கொஞ்சம் உடற்கூறியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என் இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா இருக்கிறது. தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். 1966இல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ என்ற மருத்துவர்கள் தங்கள் குழுவோடு வெளியிட்ட முறை என்று என் சிறுநீரக மருத்துவர் சொன்னார். தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து, சில வாரங்களில் சிரை சுண்டுவிரல் தடிமனுக்குப் பருத்துவிடும். காதில் வைத்தால் தூரத்தில் ரயில் போகும் ஓசை. விரல் வைத்தால் ஓடும் மோட்டாரைத் தொட்ட அதிர்வு. தினமும் காலையில் காபிக்கு முன் அதைத் தொட்டுப் பார்த்துவிடுவேன்.

போன வருடம் காய்ச்சலுக்காக வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தேன். டிரிப் போட வந்தவர், "இந்தக் கையில் நரம்பு அருமையாக இருக்கிறதே!" என்று இடது கையைப் பிடித்தார். கத்திவிட்டேன். அவர் மேல் தவறில்லை, இவ்வளவு பெரிய சிரையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அதற்கு முன், ஃபிஸ்டுலா தயாராகும்வரை காறை எலும்புக்கு அடியில் குழாய் போடலாமா என்று பேச்சு வந்தபோது என் மருத்துவர் மறுத்து, கழுத்தில்தான் போட்டார். அங்கே போட்டால் சிரை பின்னால் சுருங்கும், அந்தக் கை முழுவதும் வீங்கும், ஃபிஸ்டுலாவும் வீணாகும் என்றார். கை ரத்தம் இதயத்துக்குப் போக வேறு பெரிய சாலை கிடையாதாம்.

ஒரு கேள்வி: சிரையை எல்லோரும் ஏன் நரம்பு என்கிறீர்கள்?

#12 இரவுப்பணி_மாணவன்

ஐயா, அது எங்களுக்குத் தினசரித் தலைவலி. பேச்சுத் தமிழில் சிரையும் நரம்புதான், தசைநாரும் நரம்புதான், உண்மையான நரம்பும் நரம்புதான். வெரிகோஸ் வெயினுக்கு நரம்புச் சுருட்டல் என்று பெயர். காலில் லேசர் போட ஒப்புதல் வாங்கும்போது, "அந்த நரம்பை உள்ளேயே சுட்டு மூடிவிடுவோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே, "பக்கத்தில் போகும் நரம்பில் சூடு பட்டால் கால் மரத்துப் போகலாம்" என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பெரியவர் கேட்டார்: "ஒரே நரம்பைச் சுடவும் வேண்டும், சுடவும் கூடாது என்றால் எப்படி சார்?"

அவர் கேட்டது சரிதான். முழங்காலுக்குக் கீழே காலின் உட்புறப் பெருஞ்சிரையை ஒட்டியே ஓர் உணர்ச்சி நரம்பு இறங்குகிறது. அதனால்தான் பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து மேலே மட்டும் சுடுகிறோம். சிரையைச் சுற்றிலும் உப்புநீரும் மரப்பு மருந்தும் கலந்து ஊற்றி, அதைத் தோலிலிருந்தும் நரம்பிலிருந்தும் விலக்குகிறோம். தொடையில் ஸ்கேன் வைத்தால் அந்தச் சிரை கண்ணுக்குள் பாவை போலத் தெரியும், மேலும் கீழும் உறை இரண்டு இமைகள். அந்தக் கண் தெரிந்தால்தான் சரியான சிரையில் இருக்கிறோம். கண்ணுக்கு வெளியே ஓடுவது வேறு கிளை.

#13 மானிப்பாயான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம். இதயத்துக்குப் போவது முடியுரு நாடி. நீங்கள் "நாடி ஏறியது" என்று துடிப்பைச் சொல்லும்போது எங்கள் ஆள்களுக்கு ஒரு கணம் குழப்பம்தான். சென்னையில் படித்த தாதி ஒருவர் எங்கள் வைத்தியசாலைக்கு வந்தபோது "நாளம்" என்றதும், எந்த நாளம் என்று கேட்டார். அங்கே ரத்த நாளம் என்றால் இரண்டுமாம்.

19ஆம் நூற்றாண்டில் எங்கள் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறியலுக்கு அப்போது வழங்கிய சொல் அங்காதிபாதம். பெயரை ஒழுங்குபடுத்தாமல் உடம்பை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது அந்தாளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் இன்னும் நரம்பிலேயே நிற்கிறோம்.

#14 ஃபார்மலின்_வாத்தியார்

அங்காதிபாதம்! கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

கடைசியாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். புத்தகத்தில் இருப்பது உடம்பு அல்ல, அதிகம் பேருக்கு வாய்த்த அமைப்பு. கல்லீரல் தமனி பாடநூலில் போட்டிருப்பது போல வருவது பாதிக்குச் சற்று அதிகமானோருக்குத்தான். மற்றவர்களில் சிலருக்கு வலது கிளை குடல் தமனியிலிருந்து வரும், சிலருக்கு இடது கிளை இரைப்பைத் தமனியிலிருந்து வரும். மைக்கேல்ஸ் என்ற உடற்கூறியலாளர் 1966இல் அதைப் பத்து வகையாகப் பிரித்தார். கல்லீரல் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வாழ்கிறது. அதைத் தமனி வழியாக அடைக்கப் போகிறவர் பாடநூல் காட்டும் பொதுத் தண்டில் மட்டும் தேடித் திரும்பினால், கட்டியின் பாதி தீனி இன்னொரு வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

தொடைக்குப் பதில் மணிக்கட்டிலுள்ள ஆரத் தமனி வழியாக ஆஞ்சியோ செய்வதும் அப்படித்தான். சிலருக்கு முழங்கையருகே ஆரத் தமனி ஒரு முழுச் சுழல் போட்டிருக்கும். சுழலின் உச்சியிலிருந்து ஒரு சிறு கிளை நேராக மேலே போகும். கம்பி தடையில்லாமல் நேராகப் போகிறதே என்று மகிழ்ந்து தள்ளினால், அந்தச் சிறு கிளை கிழியும். நேராகப் போவது எப்போதும் நல்ல வழி அல்ல. தம்பி, கம்பி முட்டினால் மருத்துவர் கேட்பதற்கு முன்பே முழங்கையைத் திரைக்குள் கொண்டுவாருங்கள்.

#15 புது_டெக்னீஷியன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சப்போட்டா கிடைக்கவில்லை, உருளைக்கிழங்கில் ரப்பர் வளையம் போட்டுப் பழகினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் இரண்டு வளையத்துக்கும் சிவப்பு மை பூசிவிட்டாள். தென்னை மரமும் பார்த்தாயிற்று, வாத்தியார் ஐயா.

நேற்று ஓர் ஆஞ்சியோ, மணிக்கட்டு வழி. கம்பி முழங்கையருகே முட்டியது. மேசையை நகர்த்தி முழங்கையைத் திரைக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் கான்ட்ராஸ்ட் விட்டதும் சுழல் தெரிந்தது, அதன் உச்சியில் மேலே போகும் சிறு கிளையும் தெரிந்தது. மருத்துவர் மெல்லிய கம்பிக்கு மாறினார். என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இடது தமனி வந்ததும் அவர் வாயைத் திறப்பதற்குள் சிலந்திக் கோணத்தில் வைத்துவிட்டேன். "ம்" என்றார்.

அக்கா, ஒரு சந்தேகம். தொடையில் அமுக்கிப் பிடிக்கும்போது பாதத்தில் நாடியே தெரியாத அளவுக்கு அமுக்க வேண்டுமா?

#16 வார்டு_அக்கா

முதல் ஓரிரு நிமிடம் மட்டும் பலமாக. பிறகு பாதத்தில் நாடி லேசாகத் தட்டுப்படும் அளவுக்குத் தளர்த்திப் பிடியுங்கள். முழுதாக நிறுத்தியே வைத்திருந்தால் உள்ளே ரத்தம் உறைந்துவிடும். ஒரு கையைத் தொடையில் வையுங்கள், இன்னொரு கையைப் பாதத்தில் வைக்கத் துணைக்கு ஆளைக் கூப்பிடுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், நோயாளியின் முகத்தைப் பாருங்கள்.